பிணம் அழுத காட்சி

எங்கள் வீட்டு விறாந்தையில் மாலை போட்ட படம் ஒன்று தொங்குகிறது. படத்தில் இருப்பவன் நான்தான். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய இழுத்த தலை, ஒருநாளும் பரீட்சை எழுதாதவனுக்கு மட்டும் வருகிற கவலையில்லாத சிரிப்பு. புதிதாக வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு தேத்தண்ணியோடு வருகிற என்னைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு தேத்தண்ணியை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள். போன மாதம் மின்சார மீற்றர் பார்க்க வந்த ஒருவர், "உங்கட அண்ணையோ? என்ன வருத்தம் வந்தது?" என்று மெல்லக் கேட்டார். "அண்ணையில்லை, நான்தான். மனிசியின்ர சமையல்" என்றேன். குசினிக்குள் அகப்பை விழுந்த சத்தம் கேட்டது. அவர் மீற்றரைப் பார்க்காமலே போய்விட்டார். படத்தில் என் தோளுக்குப் பக்கத்தில், சுவரில், கறுப்பாக ஒரு திட்டு இருக்கிறது. மழைத் தண்ணீர் பட்டுப் படம் பழுதாகிவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். நானும் ஓம் என்று விட்டுவிடுவேன்.

நான் தீவுப் பக்கத்துச் சுருவிலில் வாடகை வான் ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். இரண்டு பேருக்கும் அதில் துக்கமில்லை. கடுதாசியில் எழுத்தைப் பார்த்தால் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரித்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை மகள்தான் எழுதுகிறாள். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விடு, மற்றதையெல்லாம் பத்திரிகையில் வருகிற தமிழாக்கு என்று சொல்லியிருக்கிறேன். தமிழ் நன்றாக இருந்தால் பேர் அவளுக்கு, கதை பொய் என்று யாராவது சொன்னால் ஏச்சு எனக்கு.

கதையக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தொலைக்காட்சி நாடகங்களுக்கும் இரண்டொரு படங்களுக்கும் கதை வசனம் எழுதியவர். பிறந்தது புங்குடுதீவு, பிழைத்தது கொழும்பு. எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் என் வானைத்தான் பிடிப்பார். என்னுடைய நிதானமான ஓட்டத்துக்காகத்தான் வருகிறார் என்று நெடுநாளாக நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் வானின் இரைச்சல். மடத்தில் அன்னதானம் முடிந்து கிடாரங்களைக் கழுவுகிற மாதிரி ஒரு சத்தத்தோடுதான் அது ஓடும். அக்கா முன் இருக்கையில் இருந்துகொண்டு தான் எழுதிய வசனங்களை அந்தச் சத்தத்துக்கு மேலாகச் சொல்லிப் பார்ப்பார். எனக்கு விளங்காவிட்டால் "என்ன?" என்பேன். இரண்டாம் தரமும் "என்ன?" என்றால் அந்த வசனத்தைப் பாதியாக வெட்டுவார். மூன்றாம் தரமும் கேட்டால் அடியோடு எடுத்துவிடுவார்.

"வானுக்குள்ள கேக்காத வசனம் வீட்டிலையும் கேக்காது தம்பி. ஆர் கை கட்டிக்கொண்டு இருந்து ரீவி பாக்கினம்? ஒருத்தி தேங்காய் துருவுறாள், ஒருத்தன் பிள்ளைக்கு ஏசுறான். அதுக்குள்ளாலை போய் விழோணும்" என்பார். ஆக, தமிழ்க் கலைக்கு நான் செய்த தொண்டு "என்ன?" என்ற ஒரே சொல்தான். அதையும் பெரும்பாலும் காது மந்தத்தால் செய்தேன்.

அவர் எழுதிய தொடர்களில் பெரும்பாலானவை மாமியார் மருமகள் சண்டை. சோற்றுக்கு அதுதான் வழி என்று அவரே சொல்வார். ஆனால் அந்தச் சண்டைக்குள்ளும் எதையாவது ஒளித்து வைப்பார். மருமகள் தேத்தண்ணியை நீட்டுவாள், மாமியார் தட்டிவிடுவாள். அது எல்லோரும் எழுதுகிற காட்சி. அக்காவின் தொடரில் மருமகள் கீழே கொட்டியதைப் பார்த்து, "இந்தத் தண்ணிக்கு நான் விடிய எழும்பிப் பவுசருக்குப் பின்னாலை நிண்டனான்" என்பாள். எங்கள் தீவுகளில் நல்ல தண்ணீர் பவுசர் என்கிற தாங்கி லொறியில்தான் வரும் என்பது கொழும்பில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வரியில்தான் தெரிய வரும். இன்னொரு தொடரில் சீதனச் சண்டைக்கு நடுவில் ஒரு பெண், காணி உறுதியில் யாருடைய பேர் இருக்கிறது என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். "உதெல்லாம் விடுவினமே அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "மூண்டு வைச்சால் ரெண்டை வெட்டுவினம். ஒண்டு தப்பும். அந்த ஒண்டைத் தப்ப வைக்கத்தான் மற்ற ரெண்டும்" என்றார். சண்டைக்குப் போகிற ஆமிக்காரன் மாதிரிக் கணக்குப் போட்டுத்தான் கண்ணீர்த் தொடர் எழுதினார்.

ஆனால் முழுக்க முழுக்கத் தன்னுடையது என்று ஒரு கதை அவரிடம் இருந்தது. ஒரு சின்னத் தீவு. பொழுதுபடுகிற நேரம் ஒரு மனிதனுக்கு நெஞ்சு நோகிறது. ஆஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம். வள்ளம் இல்லை. அவ்வளவுதான் கதை. அதைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தொலைக்காட்சியாக ஏறி இறங்கினார். வில்லன் யார் என்று கேட்டார்களாம். "கடல் எண்டனான். சம்பளம் இல்லாமல் நடிக்குமோ எண்டு கேக்கினம்" என்று சொல்லிச் சிரித்தார். கடைசியில் ஒரு தொலைக்காட்சி, சின்னத் தொடராக எடுத்துப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டது. படம் பிடிக்க அக்கா எழுவைதீவைத் தெரிந்தெடுத்தார். அங்கே என் மாமி இருந்தா, என் அப்பாவின் தங்கை. மாமியின் கணவர் நெஞ்சு வருத்தத்தில் செத்தவர் என்று மட்டும் எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். அதற்கு மேல் எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

படப்பிடிப்புக்குப் புறப்பட்ட அன்று சோளகக் காற்று, கடல் எழும்பிக் கிடந்தது. செத்துப்போகிறவராக நடிக்கக் கொழும்பிலிருந்து வந்த நடிகர், ஊர்காவற்துறைத் துறைமுகத்தில் நின்று கடலைப் பார்த்தார். கடலும் அவரைப் பார்த்தது. "நான் ஏறமாட்டன்" என்று சொல்லிவிட்டார். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு சாமான் பெட்டிக்கு மேலே இருந்துவிட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, நீர் செத்துக் கிடப்பீரோ?"

"வசனம் கிடக்கோ அக்கா?"

"இல்லை."

"அசையோணுமோ?"

"அசையக் கூடாது."

"அப்ப அது நான் வீட்டிலை செய்யிற வேலைதான்."

செத்தவீட்டுக் காட்சிக்கு மாலை போட்ட படமும் தேவைப்பட்டது. துறைமுகத்தின் வெள்ளைச் சுவரோடு என்னை நிறுத்தி, அக்கா தன் கைபேசியில் பிடித்தார். வெயில் அவருக்குப் பின்னால் இருந்தது. வெயில் ஏறினால் அவர் குடை இல்லாமல் நிற்கமாட்டார். குடையும் தலையுமாக அவருடைய நிழல் சுவரில், என் தோளுக்குப் பக்கத்தில் விழுந்தது. "நிழல் விழுகுது, மாத்தி எடுங்கோ" என்றார் இயக்குநர். "செத்தவருக்குத் துணைக்கு ஒராள் நிக்கட்டும்" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அமத்திவிட்டார். ஸ்ரூடியோவில் அச்சடித்துச் சட்டம் போட்டு, வள்ளம் வெளிக்கிடுவதற்குள் படம் வந்துவிட்டது. நான் என் சாவுப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கடல் கடந்தேன்.

எழுவைதீவில், வெளிநாடு போனவர்கள் பூட்டிவிட்டுப் போன ஒரு வீட்டைத் திறந்து செத்தவீடாக்கினார்கள். ஒழுங்கை முழுக்கச் செத்தவீட்டுக்குக் கட்டுகிற தென்னோலைத் தோரணம், வாசலில் வெள்ளைத் துணி, பறைமேளம். ஊருக்கெல்லாம் இது நாடகம் என்று சொல்லியாகிவிட்டது. மாமிக்கு மட்டும் சொல்லவில்லை. அவ அன்று காலை வள்ளத்தில் ஊர்காவற்துறைக்கு மருந்து எடுக்கப் போயிருந்தா. கலியாணவீட்டுக்கு வீடு தேடி வந்து சொல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் ஆயுளுக்கும் கோபம் வைத்திருப்பார்கள். செத்தவீடு அப்படியில்லை. தோரணத்தைக் கண்டால் போதும், கால் தானாக உள்ளே திரும்பிவிடும். பின்னேர வள்ளத்தால் இறங்கிய மாமி தோரணத்தைக் கண்டிருக்கிறா, பறையைக் கேட்டிருக்கிறா. கையில் பேக்கரியில் வாங்கிய பாணும் மருந்துப் பையுமாக நேரே வந்துவிட்டா. வாசலில் என் படம், மாலையோடு. அதைத் தாண்டினால் நான், மூக்கில் பஞ்சு வைத்து, வாய்க்கட்டுக் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி.

"ஐயோ, என்ர மருமோனே!"

குரலைக் கேட்டதும் எனக்கு உயிர் போனது. கமெரா ஓடிக்கொண்டிருக்கிறது. இயக்குநர் நிற்பாட்டச் சொல்லும்வரை மூச்சுக்கூட விடக் கூடாது என்பது கட்டளை. அவர் நிற்பாட்டவில்லை. மாமி என் நெஞ்சில் விழுந்து அழுதா. முதலில் எனக்காகத்தான் அழுதா. நான் செய்த குழப்படிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி அழுதா. ஊர்ச் சனத்துக்கு முன்னால் அதுவே போதுமான அவமானம். பிறகு குரல் மாறியது. கண்ணை மூடியிருந்தபடியால் எனக்கு அது நன்றாக விளங்கியது. அந்த இடத்திலிருந்து மாமி தன் மனிசனுக்காக அழத் தொடங்கிவிட்டா.

"பக்கத்து வளவிலை வள்ளம் கிடந்துதே என்ர ராசா… கும்பிட்டுக் கேட்டனே… கடல் சரியில்லை எண்டு படலையைச் சாத்தினானே… நீ போன பிறகும் அவனிட்டைத்தானே மீன் வாங்கிறன்… அவன்ர மீனைத்தானே இண்டு வரைக்கும் காய்ச்சித் தின்னுறன்… இதை நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுவன்…"

என் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கவும் முடியவில்லை, அசையவும் முடியவில்லை. காது கூசியது. தாங்க முடியாமல் "மாமி" என்று எழும்பி இருந்தேன்.

நாடகம் என்று தெரிந்திருந்தும் அங்கிருந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். பறை அடித்தவர் பறையைப் போட்டுவிட்டு ஓடினார். மாமி ஓடவில்லை. என்னை ஒரு நிமிடம் பார்த்தா. பிறகு கையிலிருந்த பாணால் என் தலையில் அடித்தா. பாண் இரண்டாகும் வரைக்கும் அடித்தா. "நாசமாப் போவான், விசரா, செத்துக் காட்டுறியோ?" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டா. அதன் பிறகுதான் இயக்குநருக்கு நிற்பாட்டச் சொல்லும் ஞாபகம் வந்தது.

வாய்க்கட்டையும் கால்கட்டையும் அவிழ்த்துக்கொண்டு மாமிக்குப் பின்னால் போனேன். அக்காவும் வந்தார். மாமி தன் வீட்டுக்குள் போகவில்லை. கிணற்றடியில் உடுத்த உடுப்போடு தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டு நின்றா.

"ஏன் இப்ப குளிக்கிறா?" என்று அக்கா கேட்டார்.

"செத்தவீட்டுக்குப் போனால் குளிச்சுப்போட்டுத்தானே உள்ளை போறது."

"அது செத்தவீடு இல்லையே தம்பி" என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை. வாளி இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. குடையை விரிக்க மறந்து, வெயிலில் அப்படியே நின்றார். எனக்கு அந்த நேரம் வேறு யோசனை. காதுக்குள் இன்னும் தண்ணீர் இருந்தது.

இயக்குநர் நல்ல மனிதர்தான், ஆனால் அன்று அவருக்குத் தலைகால் தெரியவில்லை. சின்னத் திரையில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இப்படி ஒரு அழுகையை எந்த நடிகையும் தரமாட்டாள் என்றார். அக்கா பார்த்துவிட்டு, "இதைப் போட ஏலாது. பிணம் அழுதிட்டுது" என்றார். உண்மைதான், என் கன்னத்தில் தண்ணீர் பளபளத்தது. "அதுக்கென்ன, இவரின்ர முகத்தை வெட்டிப்போட்டு மாமியை மட்டும் காட்டலாம்" என்றார் இயக்குநர். பள்ளிக்கூடத்தில்கூட என்னை இவ்வளவு கெதியாக வெட்டவில்லை. செய்தி தொலைபேசியில் கொழும்புக்குப் போனது. அந்த ஒரு காட்சிக்காகவே தொடரைப் பின்னேரம் எல்லோரும் பார்க்கிற நேரத்தில் போடலாம், அது இல்லாவிட்டால் யோசிக்க வேண்டி வரும் என்று பதில் வந்தது. அவ்வளவு வருடம் தூக்கித் திரிந்த கதை. பார்க்கிற நேரத்தில் வந்தால் வள்ளமும் வரும், டொக்டரும் வருவார் என்று அக்கா நம்பினார். அதற்காகத்தான் எழுதினார். இப்போது அது ஒரு மனுஷியின் அழுகையில் வந்து நின்றது.

அடுத்த நாள் காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனோம். அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இது வந்தால் தொடரைச் சனம் பார்க்கும். பார்த்தால் தீவுக்கு ஏதாவது நன்மை நடக்கலாம். ஆனால் நீங்கள் ஓம் என்றால்தான். மாமி தான் அழுவதைத் தானே பார்த்தா. முடியும் வரைக்கும் பார்த்தா. பக்கத்து வளவில் அந்த வள்ளக்காரர் வலை தைத்துக்கொண்டிருந்தது வேலிக்கு மேலால் தெரிந்தது. மாமி குரலைத் தாழ்த்தினா.

"இதைப் போட்டால் அவன் எங்கை போறது பிள்ளை? இந்தத் தீவிலை ஒளிக்கிறதுக்கு ஒரு பத்தையும் இல்லை."

"நீங்கள் அவரை மன்னிச்சிட்டீங்களோ?"

"ஆர் மன்னிச்சது? நான் சாகுமட்டும் மன்னிக்கமாட்டன். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. கொழும்பிலை இருக்கிறவைக்கு என்ன அதிலை?" வேலிக்கு மேலால் ஒருதரம் பார்த்துவிட்டு, "பேந்து நான் மீனுக்கு ஆரிட்டைப் போறது?" என்றா.

அக்கா கணினியை மூடினார். போட்டுவிடுங்கோ அக்கா, பக்கத்து வளவு என்கிறதை மட்டும் வெட்டிவிடலாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அக்கா அதற்குள் எழும்பி வெளியே போய்விட்டார். படலையால் போய்ப் பக்கத்துப் படலையால் நுழைந்தார். வள்ளக்காரருக்கு முன்னால், நிலத்தில், வலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று காதை நீட்டினேன். கதையக்காவோடு திரிந்து பழகிய கெட்ட பழக்கம். அக்கா மாமி அழுததைச் சொல்லவில்லை. தான் எழுதிய கதையைத்தான், அதில் இல்லாத ஒரு வள்ளக்காரரையும் சேர்த்துச் சொன்னார். அந்தக் கதையில் வள்ளம் வைத்திருக்கிற ஒருவர் வரமாட்டேன் என்கிறார், அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு எழுத வரவில்லை, என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டார். வள்ளக்காரர் தைத்துக்கொண்டே இருந்தார். ஊசி மட்டும் போய் வந்தது.

"கடல் சரியில்லை எண்டு சொல்லியிருப்பான்" என்றார்.

"உண்மையிலை?"

"உண்மையிலை அவனுக்குப் பயம் பிள்ளை. வேறை என்ன? ஆம்பிளை எண்டு அதைச் சொல்லமாட்டான். சாகுமட்டும் சொல்லமாட்டான்."

அன்று பகல் முழுக்க அக்கா எழுவைதீவுத் துறைமுகத்தில் இருந்துகொண்டு எழுதினார். எழுதியதைச் சொல்லிப் பார்க்க என் வான் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றதால், ஓடிக்கொண்டிருந்த வள்ளத்து எஞ்சினுக்குப் பக்கத்தில் என்னை இருத்திச் சொன்னார். வள்ளக்காரப் பாத்திரம் படலையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொல்லும்: "எனக்குப் பயமாக் கிடக்கு." நான் "என்ன?" என்று கேட்கவில்லை. அவர் எழுதியதிலேயே கட்டையான, மூன்றே சொல்லில் முடிகிற வசனம் அதுதான் என்று நினைக்கிறேன். செத்தவீட்டுக் காட்சியைத் திரும்ப எடுத்தார்கள். அழுகையே இல்லை. பெண்கள் சும்மா இருப்பார்கள். நான் கிடப்பேன். வள்ளக்காரப் பாத்திரம் உள்ளே வராமல் படலையடியில் நிற்கும். இயக்குநர் அக்காவோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமி அழுததை அக்கா அவர் கையாலேயே அழிக்க வைத்தார்.

கொழும்பில் இருந்தவர்கள் சொன்னபடியே செய்தார்கள். தொடரைச் சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சோறு தின்றுவிட்டுப் படுக்கிற நேரத்தில் போட்டார்கள். அந்தப் பகுதி வந்த அன்று நானும் மனிசியும் எழுவைதீவுக்குப் போய் மாமியோடு இருந்து பார்த்தோம். என்னைத் திரையில் கண்டதும், "இவ்வளவு அமைதியா உங்களை நான் கண்டதே இல்லை" என்றாள் மனிசி. வள்ளக்காரப் பாத்திரம் படலையைப் பிடித்தது. "எனக்குப் பயமாக் கிடக்கு" என்றது. ஒரு கண் இமைக்கிற நேரம் பிந்தி, அதே வசனம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது. பக்கத்து வீட்டிலும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களுடைய ரீவி எங்களுடையதைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் பேசும் போலிருக்கிறது. பிறகு அங்கே சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். மாமி திரையைப் பார்க்கவில்லை, வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தா. எழும்பிப் போய்ச் சோற்றுப் பானையை மூடினா.

மாமாவின் திவசத்துக்கு அந்த வருடம் வள்ளக்காரர் வந்தார். அதற்கு முன்பு ஒருநாளும் வந்ததில்லை. மாமி கூப்பிட்டாவா, அவராக வந்தாரா என்று எனக்குத் தெரியாது. பந்தியில் கடைசியில் இருந்து சாப்பிட்டார். "கறிக்கு உப்புக் காணாது" என்றார். "காணாட்டில் கடல் பக்கத்திலைதானே கிடக்கு" என்றா மாமி. அவ்வளவுதான் நடந்தது. மன்னித்தாவா என்று கேட்டால், இன்னும் இல்லை என்றுதான் சொல்வா.

இதை அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் வசனம் இரண்டாம் தரம் கேட்டதையும் சொன்னேன். அக்கா, "என்ன?" என்றார். விளங்கவில்லையாக்கும் என்று கத்திச் சொன்னேன். "விளங்கினது தம்பி. இன்னொருக்கால் கேக்க ஆசை" என்றார்.

அந்தத் தொலைக்காட்சி அவரைப் பிறகு கூப்பிடவில்லை. கை கழுவுவது, நுளம்புக்கு வலை கட்டுவது என்று சின்னச் சின்ன விளம்பரங்களுக்கு எழுதினார். மறுபடியும் மாமியார் மருமகள் சண்டைக்குப் போனார், மூன்று வைத்து ஒன்றைத் தப்ப வைத்தார். தொடர் வந்ததால் தீவுக்கு ஏதாவது கிடைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். கிடைத்ததென்றால் அது தங்களால்தான் என்று சொல்ல எத்தனையோ பேர் மேடையில் இருக்கிறார்கள். அக்கா ஒருநாளும் மேடையில் ஏறியதில்லை. ஒருதரம் மட்டும், வேலணைச் சந்தியில் வானை நிற்பாட்டிச் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது, "அந்த அழுகையைப் போட்டிருந்தால் நான் இப்ப பெரிய ஆளா இருந்திருப்பன், என்ன?" என்றார். "ஓம் அக்கா, ஏசி போட்ட வானுக்குள்ள போயிருப்பியள்" என்றேன். "சீ, அதுக்குள்ள வசனம் சொல்லிப் பாக்க ஏலாது" என்றார்.

போன வருடம் கொழும்பில் நோய் வருத்தமாகக் கிடந்து செத்துப்போனார். எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பத்திரிகையில் போட்டிருந்த படம் அடையாள அட்டையில் இருந்து எடுத்தது. அதில் அவர் அவரைப் போலவே இல்லை. எப்போதும் மற்றவர்களைப் படம் பிடித்தவர், தன்னைப் பிடிக்க விடவில்லை. மகளும் நானும் என் கைபேசி முழுக்கத் தேடினோம். ஒன்றுகூட இல்லை.

என் சாவுப் படம் அதற்கு முன்பும் விறாந்தையில்தான் தொங்கியது, மாலை இல்லாமல். படப்பிடிப்பு முடிந்த அன்றே மனிசி மாலையைப் பிய்த்துக் கடலில் எறிந்துவிட்டாள். நான் கண் திறந்து, தலை சீவி, சட்டைப் பொத்தான் பூட்டி இருக்கிற ஒரே படம் அதுதான் என்பதால் படத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். செய்தி வந்த அன்று பின்னேரம் நான் முற்றத்து நந்தியாவட்டையில் பூப் பிடுங்கி, எனக்குத் தெரிந்த மாதிரிக் கட்டி, படத்தில் போட்டேன். மனிசி விளக்குமாறோடு வந்தாள்.

"உயிரோட இருக்கிற மனிசனுக்கு ஆர் மாலை போடுறது? என்ர தாலியோட விளையாடுறியளோ?"

"எனக்கில்லை" என்று சொல்லி, தோளுக்குப் பக்கத்துக் கறுப்புத் திட்டைத் தொட்டுக் காட்டினேன். குடையும் தலையும். அவள் கிட்ட வந்து பார்த்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "உதென்ன மாலை, வாழைக்குலை கட்டினது மாதிரி" என்று கழற்றிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் ஒழுங்காகக் கட்டிக் கொண்டுவந்து அவளே போட்டாள்.

இப்போது பூ வாடினால் அவள்தான் மாற்றுகிறாள். போடும்போது மாலையை என் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி விடுவாள். என் மூஞ்சி பாதி மறைந்தாலும் பரவாயில்லை, நிழல் மறையக் கூடாது. பூவுக்குப் பின்னால் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். வசனம் இல்லை. அசையக் கூடாது. அக்கா தந்த வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறேன்.